சேவல் சேர்ந்த முட்டை

“சேவல் சேர்ந்த முட்டைதானக்கா? கழுவாம குடுங்க.”

திங்கள்தோறும் இதே பேச்சுதான். பாளையங்கோட்டையில் முட்டைக்கடை வைத்திருக்கும் இசக்கித்தாய்க்கு, இந்த ஷம்ஸியா மேல் நாளுக்கு நாள் சந்தேகம் கூடிக்கொண்டே வந்தது.

“தங்கியிருக்கது ஹாஸ்டல்ல. வாரம் ரெண்டு டஜன் நாட்டு முட்டைய வச்சு என்ன செய்யுதா? செய்வினைதான், வேற என்ன?” என்றாள் கணவன் மணிராஜிடம்.

“அப்ப கையும் களவுமா பிடி,” என்றான் அவன்.

அடுத்த திங்கள் பின்னாலேயே போனாள். ஷம்ஸியா ஹாஸ்டலுக்குப் போகவில்லை. ஒரு கல்லூரிக்குள் நுழைந்து, கடைசி அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஏதோ எழுதிச் சூடான பெட்டிக்குள் அடுக்கினாள்.

“யாருக்குட்டி செய்வினை வைக்கே?” இசக்கித்தாய் வாசலை மறித்து நின்றாள்.

ஷம்ஸியா மிரண்டுதான் போனாள். விஷயம் புரிந்ததும் சிரித்துவிட்டாள்.

“எழுதுனது தேதிக்கா. இது ஆராய்ச்சி.” சுவரில் இருந்த படத்தைக் காட்டினாள். “கருவுல முதல்ல எல்லாச் செல்லும் ஒண்ணுபோலதான் இருக்கும். மூணு நாளைக்குள்ள முதுகோரம் ஒரு குழாய் உருவாகும். அதுல மேல்பக்கம் இருக்கது தொட்டா உணருற நரம்பாகுது, கீழ்ப்பக்கம் இருக்கது காலை அசைக்கிற நரம்பாகுது. நம்ம மூளையும் இப்படித்தான் வளருது. ஒண்ணுபோல இருந்தது எப்படி இத்தனை விதமாகுதுன்னு பார்க்கணும்.”

“பார்த்தியா?”

ஷம்ஸியாவின் முகம் வாடியது. “இல்லக்கா. நாலு மாசமா ஒரு முட்டைலகூட கரு வளரல. பெட்டிய மாத்தியும் பார்த்தாச்சு. என் கைதான் சரியில்லன்னு சார் சொல்லுதாரு. இந்த மாசமும் வரலன்னா படிப்ப விட்டுட்டு ஊருக்குப் போவணும்.”

“முட்டை...” என்று இழுத்தாள் இசக்கித்தாய்.

“முட்டைய என்னக்கா குறை சொல்ல? நீங்க பார்த்துப் பார்த்துல்லா தருதிய.”

இசக்கித்தாய் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

வீட்டில் மணிராஜ் அடுத்த வார வேலையை ஆரம்பித்திருந்தான். சேவல் முகமே பார்க்காத பண்ணைக்கோழியின் வெள்ளை முட்டைகளைத் தேயிலைத் தண்ணியில் ஊறப்போட்டு, நாட்டு முட்டை நிறம் வந்ததும் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“என்னட்டி, செய்வினைதானா?”

“ஆமா.” தேயிலைத் தண்ணியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். “ஆனா அவ வைக்கல. நாமதான் அவளுக்கு வச்சிருக்கோம்.”