சிங்கப்பூர்க் காய்ச்சல்

கலியாணமொன்றுக்காகச் சிங்கப்பூர் போய்வந்த கையோடு ஐயாத்துரை காய்ச்சலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் பகலிலும் அவரை நுளம்பு வலைக்குள் கிடத்தியிருந்தார்கள்.

“இவர் பிழைப்பாரோ, டொக்டர்?” என்று மனைவி விமலேஸ்வரி கேட்டாள்.

“ஓம். இது டெங்கு, அங்கை பிடிச்சது. மாறிவிடும்.”

அவளுக்கு மூச்சு வந்தது. “அப்ப இந்த வலையைத் தாங்கோ. வன்னியில வளர்ந்த மனுசனை நுளம்பு என்ன செய்யும்? வீட்டில பிள்ளைக்குக் கட்டுவன்.”

“பிள்ளைக்காகத்தான் இவருக்குக் கட்டினது. இவரைக் கடிக்கிற நுளம்புதான் பிறகு மற்றவைக்கு இந்தக் காய்ச்சலைக் குடுக்கும்.”

விமலேஸ்வரி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“பரந்தனில, வீட்டில, இவ்வளவு நாளும் வலையில்லாமல்தான் கிடந்தவர், டொக்டர். பிள்ளை அவரின்ரை பக்கத்தை விட்டு அசையேல்லை.”



“பிள்ளையை இண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்றார் டொக்டர்.