மஞ்சள் துணித் தாயத்து

மனைவி மரகதத்தின் இடது கையில், தோளுக்குக் கீழே மஞ்சள் துணி சுற்றியிருந்ததைத் துளசிங்கம் பார்த்தான்.

“இன்னாம்மா இது?”

“தாயத்துடா,” என்றாள் அவன் அம்மா கங்கையம்மாள். “மாடம்பாக்கம் கோயில்ல காலையிலேர்ந்து காத்துக்கினு இருந்து கட்டியாந்தோம். மூணும் பொண்ணாப் பூடுச்சு. அடுத்ததாவது பையனா பொறக்க வேணாமா?”

அவனுக்குத் திருப்தி. மூன்றாவது பிரசவத்தில் மரகதம் செத்துப் பிழைத்ததையும், இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொன்னதையும் அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“ஒரு வாரத்துக்கு நீ அதைத் தொடக் கூடாது. தொட்டா பலிக்காது.”

தலையாட்டிவிட்டு மறைமலை நகர் ஷிப்டுக்குக் கிளம்பினான்.

கங்கையம்மாள் கதவைச் சாத்திவிட்டு வந்து துணியை அவிழ்த்தாள். உள்ளே தாயத்து இல்லை. ஆஸ்பத்திரியில் போட்ட கட்டுதான் இருந்தது.

“வலிக்குதாம்மா?”

“தெரியல அத்தை. மரத்துப்போய்க் கீது.”

“தோலுக்கு அடியில வெச்ச ஆறு சின்னக் குச்சியும் அஞ்சு வருஷம் தாங்குமாம். அதுவரைக்கும் நீ உண்டாக மாட்டேன்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“அவரு கேட்டா?”

கங்கையம்மாள் மஞ்சள் துணியைத் திரும்பவும் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

“சாமி இன்னும் கண்ணத் தொறக்கலன்னு நான் சொல்லிக்கிறேன்.”