முதல் பக்கத்தில் அவர் பெயர்

வாசலில் மொழிபெயர்ப்பாளரின் செருப்பு கிடந்தது. வெளிநாட்டு நிருபர் சிரித்த முகத்தோடு கதவைத் தட்டினார். கையில் அவர் நாட்டுப் பத்திரிகை.

மொழிபெயர்ப்பாளரின் மனைவி திறந்தாள். அவளுக்கும் நிருபரின் மொழி தெரியும்.

“உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கம்மா! இந்த ஊர் ஜெயில் கொடுமையைப் பத்தி நாங்க ரெண்டு பேரும் அலைஞ்சு எழுதினது முதல் பக்கத்துல வந்திருக்கு. கூட உழைச்சவர் பேரைப் போடாம விட்டா எங்க ஊர்ல காறித் துப்புவாங்க. சண்டை போட்டு அவர் பேரையும் போட வெச்சுட்டேன்!”

“பார்த்துட்டோம் சார்.”

“இங்கதான் இந்தப் பேப்பர் வராதே?”

“அவங்களே கொண்டுவந்து காட்டினாங்க. ‘இது நீதானா?’ன்னு கேட்டாங்க. இவருக்குச் சந்தோஷத்துல தலைகால் புரியலை. ‘ஆமா சார், நானேதான்’னு பேரைத் தொட்டுக் காட்டினார்.”

அவள் வாசலைப் பார்த்தாள்.

“போலீஸ் ஜீப்புல ஏத்தும்போது செருப்பு மாட்டக்கூட விடலை சார்.”