சோள ரொட்டியில் சர்க்கரை

"இதுக்குப் பேர் சோள ரொட்டியா? சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கியே! மனுஷன் தின்பானா இதை?"

பக்கத்து வீட்டு ஹாலிஸ் போட்ட சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சலில் எலும்பும் தோலுமாகிப் போன ஆள். இன்னும் சட்டை தொளதொளவென்றுதான் தொங்குகிறது. அவன் உடம்பைத் தேற்ற அவன் பெண்டாட்டி வெர்லீன் படுகிற பாடு கொஞ்சமா? கோழிக்கறி ஆலையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, பன்றிக்கறி போட்ட கீரை, டபுள் பீன்ஸ், கோழிச் சாற்றில் வெந்த மாவு உருண்டை என்று அவனுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் செய்கிறாள்.

அவனும் இத்தனை நாள் நல்லவனாகத்தான் இருந்தான். ரெண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தாலும், "பிரமாதம் வெர்லீன்! இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்பான். அவனைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லியே என் வீட்டுக்காரரிடம் நான் கெட்ட பேர் வாங்கியிருக்கிறேன்.

கொஞ்சம் தெம்பு வந்ததும் திமிரும் வந்துவிட்டது பாருங்கள்!

கையிலிருந்த கரண்டியோடு கிளம்பினேன்.

வெர்லீன் பின்வாசல் படியில் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது.

"அழாதே. அந்த ஆளை ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்."

"ஓப்பல், வேண்டாம்டி..."

கேட்கிற நிலையிலா நான் இருந்தேன்?

உள்ளே ஹாலிஸ், ரொட்டி சுட்ட இரும்புச் சட்டியையே முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன்யா, உழைச்சுட்டு வந்து ஆக்கிப் போடறவளை ஊருக்கே கேக்கற மாதிரி திட்டறியே, உனக்கு மனசாட்சி இருக்கா?"

"வா ஓப்பல், நீயே நியாயம் சொல்லு. நீயும் அலபாமாவுலதானே பொறந்தே? சோள ரொட்டியில யாராவது சர்க்கரை போடுவாங்களா?"

ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டேன். அடக் கஷ்டமே, அசல் கேக்! எங்கள் பக்கத்தில் இதற்குக் கோபம் வருவது நியாயம்தான். அதற்காக இவனிடம் போய் ஒத்துக்கொள்ள முடியுமா?

"நல்லாத்தானே இருக்கு? லேசா இனிக்குது."

"லேசாவா? திகட்டுது!" என்றவன் இன்னொரு துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு மென்றான். "சே, என்ன இனிப்பு!" அப்புறம் ஒரு வாய் கீரை. "இதுல காரம் தூக்கல்!" மறுபடியும் ரொட்டி.

திட்டிக்கொண்டே சட்டியைக் காலி பண்ணுகிற மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். கண் வேறு கலங்கியிருந்தது.

"கண்ணுல என்ன?"

"மிளகாய்க் காரம். நீ போய் உன் வேலையைப் பாரு."

வாயைப் பார், வாயை! இதற்கு மேல் அங்கே நின்றால் கரண்டிக்கு வேலை வந்துவிடும் என்று பின்வாசலுக்கே திரும்பினேன்.

"போதும்டி வெர்லீன். துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. ரெண்டு நாள் எங்க வீட்டுல இரு. காய்ஞ்சு கிடந்தாத்தான் உன் அருமை தெரியும் அவனுக்கு."

அவள் ஏப்ரனை விலக்கினாள். கன்னமெல்லாம் ஈரம். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்!

"மெதுவாப் பேசு. அவருக்குக் கேட்டுடப் போகுது."

"என்னடி இது? அவன் திட்டறான், நீ சிரிக்கறே?"

"காய்ச்சலுக்கு அப்புறம் அவர் நாக்குக்கு ருசியே தெரியாமப் போச்சு, ஓப்பல். நான் ஒடிஞ்சு போயிடுவேன்னு மூச்சு விடலை. மண்ணு மாதிரி இருந்தாலும் ரெண்டு வாய் முழுங்கிட்டு, பிரமாதம் பிரமாதம்னு..."

"சொல்லலைன்னா உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு நாள் அசதியில உப்புக்குப் பதிலா ரொட்டியில சர்க்கரையைப் போட்டுட்டேன். அதையும் பிரமாதம்னாரு. அன்னைக்கு ராத்திரியெல்லாம் அழுதேன்டி."

கரண்டியை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

உள்ளேயிருந்து அடுத்த சத்தம் வந்தது. "வெர்லீன்! பீன்ஸ்ல உப்பு பத்தலை!"

"இதோ வரேங்க!" அவள் துள்ளி எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

"அன்னையிலேருந்து தினமும் வேணும்னேதான் ரொட்டியில சர்க்கரை போடறேன். என்னைக்காவது திட்ட மாட்டாரான்னு!"