நாற்பத்தொரு குமிழ்கள்

"பெயின்ட் இன்னும் காயலங்க. அந்தம்மா கீழ வண்டிய நிறுத்திகினு கீறாங்க" என்றாள் லோகநாயகி, பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தபடி.

அவள் கணவன் கலையரசன் டேபிள் ஃபேனை அந்தப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தான். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை.

பெட்டி என்றால் வெறும் பெட்டிதான். பிளைவுட் பலகை, கறுப்பு பெயின்ட், குமிழ்களுக்குப் பதில் இருமல் மருந்து மூடிகள் நாற்பத்தொன்று. தள்ளி நின்று பார்த்தால் எழுபதுகளில் ஜப்பானில் செய்த பழைய சிந்தசைசர், குமிழைத் திருகினால் ஒலி மாறும் மின்னணு இசைக்கருவி. கிட்டே வந்தால் இருமல் மருந்து வாசனை.

கலையரசன் படாளத்துக்காரன். கேளம்பாக்கத்தில் ஐ.டி. வேலை, இரண்டு அறை ஃபிளாட். மற்ற நேரமெல்லாம் சைகடெலிக் டிரான்ஸ் என்கிற இசைதான் உயிர். தலைக்குள் ஆயிரம் மின்மினி பறப்பதுபோல் இருக்கும் என்பான். லோகநாயகிக்கு அது தண்ணி மோட்டார் திணறுவது மாதிரிதான் கேட்கும். ஆனால் சொல்ல மாட்டாள்.

இந்த இசைப் பிரியர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. 'உங்கள் கனவு ஸ்டுடியோ எப்படி இருக்கும்?' என்று அதில் யாரோ கேட்டார்கள். இவன் எங்கேயோ கிடைத்த சிந்தசைசர் படத்தைப் போட்டான். கனவு என்று எழுத மறந்துவிட்டான். எண்பது பேர் இதயம் போட்டார்கள். ஒருவர் 'தலைவா' என்றே கூப்பிட்டுவிட்டார். அதற்குப் பிறகு இல்லை என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும், பாவம்.

அது எங்கே போய் நின்றது என்றால், அடுத்த மாதம் மாமல்லபுரம் கடற்கரையில் குழு நடத்தும் விடியற்காலைக் கச்சேரி, அதில் கலையரசனுக்கு ஒரு மணி நேரம். மூன்று வருஷமாக அவன் ஏங்கிய இடம். ஆனால் குழுவில் ஒரு சட்டம் இருந்தது. கம்ப்யூட்டரில் தட்டிய இசைக்கு அங்கே இடமில்லை. அசல் கருவியில் செய்ததாக இருக்க வேண்டும். கருவியைக் குழுவின் அட்மின் ஞானம்பாள் மேடம் வீட்டுக்கே வந்து பார்ப்பார்.

ஞானம்பாளுக்கு அறுபது வயசு. கல்பாக்கத்தில் மின்னணுக் கருவிகளோடு முப்பது வருஷம் பழகி ஓய்வு பெற்றவர். புதுச்சேரிக்காரர் ஒருவர் போட்ட படத்தில், மூன்றாவது வரிசைக் குமிழின் நிறம் தப்பு என்று கண்டுபிடித்து, அன்றைக்கே அவரைக் குழுவை விட்டு அனுப்பியவர்.

கையில் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். பருத்திப் புடவை, ஓட்டமும் இல்லாத நடையும் இல்லாத ஒரு வேகம். பெட்டியைப் பார்க்கவே இல்லை. முதலில் உட்கார்ந்து, எந்த மாதிரி இசை பிடிக்கும் என்று விசாரித்தார்.

காட்டுச் சத்தமெல்லாம் கலந்து இருட்டாக வருவது பிடிக்கும் என்றான் கலையரசன்.

"தவளை கத்தறதுக்கு எதுக்கு தம்பி மெஷின்? மழைக்காலத்துல எங்க வீட்டுக்குப் பின்னாடி வந்து நில்லு, போதும். மெட்டுன்னு ஒண்ணு இருக்கணும்."

பயத்தை மறந்து இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "மெட்டு வந்தா கல்யாண ரிசப்ஷன் மாரி ஆய்டும் மேடம்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து பெட்டியின் முன்னால் போய் நின்றார். வாசிச்சுக் காட்டு என்றார்.

ஏற்பாடு என்னவென்றால், கலையரசன் இரும வேண்டும். திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்த லேப்டாப்பில் லோகநாயகி பொத்தானை அழுத்த வேண்டும். அவன் இருமினான். அறை அதிர்ந்தது. அவன் விரல்களும் மூடிகளின்மேல் அழகாகத்தான் நடந்தன.

ஞானம்பாள் கண்ணை மூடிக் கேட்டார். தலை மெல்ல ஆடியது. பிறகு கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி, ஒரு குமிழைப் பிடித்து வலப்பக்கம் முழுசாகத் திருகினார்.

இசை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூடி அவர் கையோடு வந்துவிட்டது.

லோகநாயகி பாட்டை நிறுத்தினாள். ஃபேன் சத்தம் மட்டும் மிச்சம். ஞானம்பாள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். பலகை ஓரத்தை விரலால் தடவினார், விரல் கறுப்பானது. அதைச் செய்தித்தாளில் நிதானமாகத் துடைத்தார்.

மூன்று வருஷ ஏக்கமும் அந்த 'தலைவா'வும் ஒரே நிமிஷத்தில் போய்விடும் என்று கலையரசனுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். போனை எடுத்து, குழுவுக்குக் குரல் செய்தி பதிந்தார்.

"ஞானம்பாள் பேசறேன். பார்த்துட்டேன். கலையரசனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிடுங்க."

போனைப் பைக்குள் வைத்தார். அறைக் கதவைச் சாத்தினார். யார் செய்தது இது என்று கேட்டார்.

"நான்தாங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள் லோகநாயகி. "அவுர ஒண்ணும் சொல்லாதீங்க. படத்தப் பாத்து நான்தான் செஞ்சேன்."

ஞானம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை குழு மொத்தமும் எங்க வீட்டுக்கு வருதும்மா. என்னோட மெஷின் வெறும் அட்டைதான், கடல் காத்துல உப்பிப் போய் நிக்குது. அதுக்குள்ள எனக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்துடறியா?"