நடுங்காத குரல்

ஒரு பெண்ணைக் காதலித்ததற்காகத் தமையன்மார் தன் கையில் சூடு வைத்ததை, குரலில் பயத்தை அளக்கும் இயந்திரத்திடம் நிதர்சினி பதினொரு நிமிடத்தில் சொல்லி முடித்தாள். திரையில் உடனே முடிவு வந்தது: பயம் போதாது. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

"நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை அக்கா," என்றாள், வெளியே காத்திருந்த மேகலாவிடம்.

மேகலாவுக்கா தெரியாது? ஊரிலிருந்து தப்பிவந்த தன்பாலீர்ப்பாளர்களை ஞாயிறுதோறும் தன் வீட்டில் கூட்டிப் பேசவைப்பவள் அவள்தான். முதல் மாதம் நிதர்சினியால் ஒரு வசனம்கூட முடிக்க முடியவில்லை. சுற்றியிருந்து, கையைப் பிடித்து, திரும்பத் திரும்பச் சொல்லவைத்து, இரண்டு வருடத்தில் அவள் நடுக்கத்தைப் போக்கியிருந்தார்கள். போன மாதம் அந்தத் தழும்பைக் காட்டி அவள் பகிடிகூட விட்டுச் சிரித்தாள். அன்று மேகலா கேக் வாங்கி வெட்டினாள்.

நிதர்சினியை ஊருக்குத் திருப்பியனுப்ப விமானம் ஏற்றியதற்கு அடுத்த ஞாயிறு, கஜீபன் என்று ஒரு புதியவன் வாசலில் வந்து நின்றான். "அக்கா, எனக்கு நடந்தது..." என்று தொடங்கியதுமே அவன் உதடு துடித்தது.

அவன் தோளைத் தொடப் போன மேகலாவின் கை பாதியில் நின்றது.

"விசாரணை எப்ப தம்பி?"

"வாற மாசி."

"அதுவரைக்கும் ஒருத்தருக்கும் இதைச் சொல்லாதையும். இஞ்சயும் வராதையும்."

உள்ளே யாரோ அவனுக்கும் சேர்த்துப் பிளேன்டீ ஊற்றிவிட்டார்கள். மேகலா கதவைச் சாத்தினாள்.