மூன்று தரம் போய் வாங்கிய டயோடு

சாந்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "கருமம், இன்னா நாத்தம் இது."

காந்தாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் மகன் வெற்றிவேல் விரும்பிய நதியாவின் அம்மா இவர். ஒரு வருடம் கெஞ்சிய பிறகு, இன்றுதான் மாப்பிள்ளை வீடு பார்க்கக் காவலூருக்கு மலையேறி வந்திருந்தார்.

வந்தவருக்குப் பாட்டுப் போடுகிறேன் என்று, தானே செய்த ஆம்பிளிபயரின் சுவிட்சைத் தட்டினான் வெற்றிவேல். பாதிப் பாட்டில் 'டப்'பென்று ஒரு சத்தம். வீடு முழுக்கக் கரிந்த நாற்றம்.

"படிச்சுப் படிச்சு சொன்னேன், இன்னிக்கு அதத் தொடாதடான்னு." காந்தா பல்லைக் கடித்தாள். "மொளகாட்டம் நாலு டயோடு. அத வாங்க மூணு தரம் வேலூருக்குப் போனான்க்கா. அதுதான் இப்ப பொகையுது."

"மூணு தரம் போயி வாங்கனதா இது?"

முகத்தைச் சுளித்தபடி மறுபடி உள்ளே போன சாந்தம்மாள், முதல் வேலையாகப் பிளக்கைப் பிடுங்கிப் போட்டார்.

காந்தா காபியை நீட்டினாள். வாங்கிய விரல்களில் பொட்டுப் பொட்டாகச் சூட்டுத் தழும்புகள். ஒடுகத்தூரில் கடை வைத்து, ஒற்றையாளாக மகளை வளர்த்தவர் என்று கேள்வி. பலகாரக் கடையாக இருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

காபி அப்படியே மேசைக்குப் போனது. வாலைப் பிடித்துச் செத்த எலியைத் தூக்குவதுபோல, ஒயரைப் பிடித்து அந்தக் கரிந்த டயோடு சமாச்சாரத்தைத் தூக்கினார் சாந்தம்மாள்.

"இதப் பாத்துப் பாத்து எடுத்தது நீதானாப்பா?"

"நாந்தாங்க. ஆயிரம் வோல்ட் தாங்கும்னாங்க."

"ஆயிரம் வோல்ட்டு." காறித் துப்பாத குறை. "இப்படிப் பொருள் எடுக்கற ஆளத்தான் எம்பொண்ணும் பாத்து எடுத்துருக்கா."

வெற்றிவேல் தலையைக் குனிந்துகொண்டான். காந்தாவுக்கு அழுகை முட்டியது.

"அக்கா, இந்தக் கருமத்த நானே கொண்டுபோயி கெணத்துல போட்டுர்றேன். பொண்ண மட்டும் இல்லேன்னு சொல்லிடாதீங்க."

சாந்தம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசைமுன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெற்றிவேலின் சால்டரிங் இரும்பைத் தழும்பு விரல்களில் எடுத்தார்.

"அஞ்சு ஆம்பியர் டிரான்ஸ்பார்மருக்கு ஒரு ஆம்பியர் டயோடு எவனாச்சும் போடுவானா, மாப்ள?"